ஏறும் பாறையும் அளவு ஜாக்கெட்டும்

குற்றாலத்தில் சாரல் பிடித்திருக்கும் நாளில் பேரருவிக்கு எதிரே, குளிக்கிற கூட்டத்தை விட்டுச் சற்றுத் தள்ளி நின்றுகொள்ளுங்கள். விழும் தண்ணீரில் ஓரிடத்தைத் தேர்ந்து, கண்ணை அலையவிடாமல் ஒரு நிமிடம் பாருங்கள். பிறகு சட்டென்று அருவியை ஒட்டிய பாறைக்குப் பார்வையை மாற்றுங்கள். பாறை மெதுவாக மேலே ஏறும். இருந்த இடத்தை விட்டு நகராது, ஆனாலும் ஏறிக்கொண்டே இருக்கும். சில விநாடிகளில் அடங்கிவிடும்.

ஸ்காட்லாந்தின் ஃபாயர்ஸ் அருவியில் 1834ஆம் ஆண்டு ராபர்ட் ஆடம்ஸ் என்பவர் இதைக் கண்டு எழுதினார். அதிலிருந்து 'அருவி மாயை' என்றே இதற்குப் பெயர் நிலைத்துவிட்டது. ஓடும் ஆற்றைப் பார்த்த கண்ணுக்கு நிற்கிற பொருள்களும் நகர்வதாகத் தோன்றும் என்று அரிஸ்டாட்டிலும் குறித்து வைத்திருக்கிறார். காரணம் மூளையில் இருக்கிறது. கீழ்நோக்கிய அசைவுக்கென்று சில நரம்பணுக்கள், மேல்நோக்கிய அசைவுக்கென்று சில. இரண்டு தரப்பும் சமமாகக் குரல் கொடுக்கும்போது 'அசைவில்லை' என்று மூளை எடுத்துக்கொள்கிறது. ஒரு நிமிடம் கொட்டுகிற தண்ணீரையே பார்த்ததில் கீழ்நோக்கிய தரப்பு ஓய்ந்துபோகிறது. மேல்நோக்கிய தரப்பின் குரல் ஓங்குகிறது. பாறை ஏறுகிறது.

பாறை அசையாது என்று நமக்கு நன்றாகத் தெரியும். தெரிந்தும் அது ஏறுவதை நம்மால் நிறுத்த முடியாது. உணவுக் கோளாற்றிலிருந்து மீண்டுவரும் ஒருவர் கண்ணாடி முன் நிற்கும்போது நடப்பதில் ஒரு பகுதி இதே வகையைச் சேர்ந்தது.

ஆஸ்திரேலியாவில் வின்க்லர், கில்லியன் ரோட்ஸ் என்ற இருவர் 2005இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று உண்டு. கணினியில் ஒடுக்கி மெலிதாக்கப்பட்ட உடல் படங்களைச் சிறிது நேரம் பார்க்க வைத்து, அதன்பின் 'இயல்பான உடம்பு எது?' என்று கேட்டார்கள். பார்த்தவர்களின் 'இயல்பு' மெலிவின் பக்கம் நகர்ந்திருந்தது. முன்பு சாதாரணமாகத் தெரிந்த உடம்பு இப்போது அகலமாகத் தெரிந்தது. இவர்கள் எந்த நோயும் இல்லாதவர்கள். பார்த்ததும் சிறிது நேரம்தான். மாதக்கணக்கில், சில சமயம் வருடக்கணக்கில், மெலிந்த தன் உடம்பையும் கைப்பேசியில் அதைவிட மெலிந்த உடம்புகளையும் பார்த்து வந்த ஒரு பெண்ணின் கண்ணை எண்ணிப் பாருங்கள். எடை கூடி ஆரோக்கியத்துக்குத் திரும்பும்போது அவளுடைய சரியான உடம்பே அவளுக்கு வீங்கிப்போனதாகத் தெரியும். நோய்க்கு வேறு வேர்கள் பல உண்டு. ஆனால் 'நீ ஒன்றும் குண்டாக இல்லையே, நன்றாகப் பார்' என்று வீட்டார் மன்றாடியும் அவளுக்கு அப்படித் தெரியாமல் போவதற்கு இது ஒரு காரணம். அவள் பிடிவாதம் பிடிக்கவில்லை. பாறை ஏறுவதை அவள் நிஜமாகவே பார்க்கிறாள்.

இதெல்லாம் மேல்நாட்டு வியாதி, நம் பக்கம் ஏது என்று கேட்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். சென்னையில் டி.என். சீனிவாசனும் உடன் பணிபுரிந்தவர்களும் 210 மருத்துவ மாணவர்களிடம் ஆய்வு நடத்தி 1995இல் இந்திய மனநல மருத்துவ இதழில் வெளியிட்டார்கள். நோய் என்று முத்திரை குத்தும் அளவுக்கு இல்லாவிட்டாலும், சாப்பாட்டையும் எடையையும் பற்றிய உளைச்சலோடு 31 பேர் இருந்தார்கள். கைப்பேசியில் படம் பார்க்கும் பழக்கமே இல்லாத காலம் அது. அதே ஆண்டில் தில்லி எய்ம்ஸ் மருத்துவர்கள் ஐந்து இளம்பெண்களைப் பற்றி எழுதினார்கள். சாப்பிட மறுப்பு, ஓயாத வாந்தி, கடும் எடையிழப்பு, மாதவிலக்கு நின்றுபோதல் எல்லாம் இருந்தன. உடல் தோற்றம் பற்றிய குழப்பம் மட்டும் பாடநூலில் சொல்லியபடி இல்லை. வேலூர் சி.எம்.சி.யின் குழந்தைகள் மனநலப் பிரிவிலிருந்து 2007இல் வந்த கட்டுரையிலும், உணவுக் கோளாறு கண்ட பிள்ளைகளில் பெரும்பாலோருக்கு மன உளைச்சலால் வரும் வாந்திதான் இருந்தது. ஆகவே தென்காசியிலோ செங்கோட்டையிலோ ஒரு பிள்ளை தட்டைத் தள்ளிவைக்கத் தொடங்கினால், அது முதலில் வயிற்றுக் கோளாறாகவோ விரதமாகவோதான் பெரியவர்கள் கண்ணில் படும்.

நோய் கண்டுபிடிக்கப்பட்டு, சிகிச்சை தொடங்கி, சாப்பாடு இறங்க ஆரம்பித்த பிறகு வரும் கட்டத்தைப் பற்றி யாரும் அதிகம் பேசுவதில்லை. அந்தக் கட்டத்தில் ஒவ்வொரு காலையும் பீரோவின் முன் தொடங்குகிறது. போன மாதம் தளர்வாக இருந்த சுடிதார் அக்குளில் பிடிக்கிறது. ஜாக்கெட்டின் கடைசிக் கொக்கி மாட்ட மறுக்கிறது. 'இதற்குத்தானா சாப்பிட்டேன்' என்று மனம் உடைந்து அன்றைய இட்லியை ஒதுக்கிவிடுகிறவர்கள் உண்டு. அந்தக் கொக்கி என்ன சொல்கிறது என்று கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும்.

பட்டினி கிடந்த உடம்பு சாப்பிடத் தொடங்கியதும் வேகமாக ஏறும் எடையில் பெரும்பங்கு தண்ணீர். மாவுச்சத்து உள்ளே போனதும் இன்சுலின் உயர்கிறது. இன்சுலின் சிறுநீரகத்தை உப்பைப் பிடித்துவைக்கச் சொல்கிறது. உப்பு இருக்கும் இடத்தில் தண்ணீரும் தங்குகிறது. தவிர, ஈரலும் தசையும் காலியாகிப்போன கிளைக்கோஜன் சேமிப்பை நிரப்பத் தொடங்குகின்றன. ஒரு கிராம் கிளைக்கோஜன் தன்னோடு சுமார் மூன்று கிராம் தண்ணீரைச் சேர்த்துக்கொள்ளும். வாந்தி எடுத்தும் பேதி மாத்திரை போட்டும் வந்தவர்களுக்கு இன்னொரு கஷ்டம். நீரிழப்பை ஈடுகட்ட அவர்கள் உடம்பு ஆல்டோஸ்டீரோன் என்ற இயக்குநீரைக் கூடுதலாகச் சுரந்து பழகியிருக்கும். பழக்கத்தை நிறுத்தியதும் அது உடனே குறையாது. கணுக்கால் வீங்கும், கண்ணுக்குக் கீழே உப்பும், மோதிரம் இறுகும். சில வாரங்களில் வடிந்துவிடும்.

ஒரு சின்னக் கணக்கு போட்டுப் பார்க்கலாம். இடுப்பிலிருந்து மார்பு வரையுள்ள உடம்பை 70 செ.மீ. சுற்றளவும் 50 செ.மீ. உயரமும் கொண்ட உருளையாக வைத்துக்கொண்டால் கொள்ளளவு ஏறக்குறைய 19.5 லிட்டர். இரண்டு லிட்டர் நீர் முழுவதும் அங்கேயே தங்கினால் சுற்றளவு 73.5 செ.மீ. ஆகும். கிட்டத்தட்ட ஒன்றரை இஞ்ச். கொக்கி மாட்டாமல் போக இது போதும். ஒரு கிராம் கொழுப்புகூட அதற்குள் சேர்ந்திருக்கத் தேவையில்லை. உண்மையில் நீர் கை, கால், முகம் எங்கும் பரவும் என்பதால் இது மேல்வரம்பு. ஆனால் வயிறும் சேர்ந்துகொள்கிறது. பட்டினியில் இரைப்பையின் வேகம் குறைந்துபோயிருக்கும். சாப்பிட்டது நெடுநேரம் அங்கேயே நிற்கும். நான்கு வாய் சாதத்துக்கே மேல்வயிறு புடைத்துவிடும். ஒழுங்காகச் சாப்பிட்டு வர, இரைப்பையும் சில வாரங்களில் தன் வேகத்துக்குத் திரும்பும். புடைக்கிறதே என்று சாப்பாட்டைக் குறைத்தால் அந்தப் புடைப்பு நீடிக்கத்தான் செய்யும்.

இதற்கு அடுத்து நடப்பதுதான் என்னை மிகவும் வியக்க வைத்தது. கொழுப்பு திரும்பும்போது உடம்பு முழுக்கச் சீராகத் திரும்புவதில்லை. நியூயார்க்கின் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் லாரல் மேயர் குழுவினர், அனோரெக்சியா என்ற உணவு மறுப்பு நோயிலிருந்து எடை மீண்ட பெண்களை ஸ்கேன் செய்து பார்த்தார்கள். அதே எடையுள்ள மற்றப் பெண்களைவிட இவர்களுக்கு நடு உடம்பில், வயிற்றிலும் இடுப்பிலும், கொழுப்பு அதிகமாக இருந்தது. இவர்கள் எதற்கு அஞ்சினார்களோ அந்த இடத்திலேயே முதலில் சேர்கிறது. ஆனால் அதே குழு 2009இல் வெளியிட்ட தொடர் ஆய்வில், மீண்ட எடையை ஓராண்டு விடாமல் காத்தவர்களுக்கு அந்தக் கொழுப்பு தானாகவே இடம் மாறிப் பரவி, மற்றப் பெண்களைப் போன்ற உடல்வாகு வந்திருந்தது. நடு உடம்பு பெருத்திருக்கும் காலம் ஒரு கட்டம். பயந்துபோய் மறுபடி பட்டினி கிடப்பவருக்கு அந்தக் கட்டம் முடியவே வாய்ப்பில்லை. திரும்பத் திரும்ப அதன் தொடக்கத்துக்கே வந்து நிற்பார்.

இது பெண்களின் உடம்புக்கு மட்டும் உரியதல்ல. இரண்டாம் உலகப்போர் முடியும் தறுவாயில், பட்டினியால் வாடிய ஐரோப்பிய மக்களை எப்படித் தேற்றுவது என்று அறிய, மினசோட்டா பல்கலைக்கழகத்தில் ஆன்சல் கீஸ் ஒரு சோதனை நடத்தினார். போரில் சேர மனசாட்சி இடம் தராத 36 இளைஞர்கள் தாமாக முன்வந்தார்கள். 1945 பிப்ரவரி முதல் 24 வாரம் அரைவயிற்றுச் சாப்பாடு. உடல் எடையில் ஏறத்தாழ கால் பங்கு போயிற்று. கோடையிலும் குளிரெடுத்தது, முடி கொட்டியது, நாற்காலியில் உட்கார்ந்தால் எலும்பு குத்தியது, பகலெல்லாம் சாப்பாட்டு நினைப்பு. உணவு திரும்பியதும் கொழுப்பு முந்திக்கொண்டு வந்தது, தசை பின்தங்கியது. சில மாதங்கள் அவர்களின் கொழுப்பு, சோதனைக்கு முன்பிருந்ததைவிடவே கூடுதலாக இருந்தது. வயிறும் தொடையும் பருத்துப்போனதாக அவர்களிலும் சிலர் வருந்தினார்கள். தொடர்ந்து கவனிக்கப்பட்டவர்களில், சுமார் ஓராண்டில் உடம்பு பழைய நிலையை நெருங்கியது. அந்தத் தரவுகளைப் பல ஆண்டுகள் கழித்து மீண்டும் ஆராய்ந்த அப்துல் டுல்லூ, இழந்த தசை முழுதாகத் திரும்பும்வரை பசி அடங்காது, அதுவரை கொழுப்பும் சேர்ந்தே ஏறும் என்று விளக்கினார். உடற்பயிற்சிக் கூடத்தில் கண்ணாடி முன் நின்று தன்னை வெறுக்கும் இளைஞர்களுக்கும் இந்த 36 பேரின் கதை தெரிந்திருக்க வேண்டும்.

இனி அந்த ஜாக்கெட்டுக்கு வருவோம். தையல் கடையில் புது ஜாக்கெட் தைக்கக் கொடுக்கும்போது நம் பெண்கள் 'அளவு ஜாக்கெட்' ஒன்றை உடன் கொடுப்பார்கள். உடம்புக்குப் பாந்தமாக இருந்த ஏதோவொரு பழையது. அடுத்த பத்து ஜாக்கெட்டுக்கும் அதுவே சட்டம். நிலையான உடம்புக்கு இது அருமையான ஏற்பாடு. மீண்டுவரும் உடம்புக்கோ அது நோயின் அளவு. அந்த அளவில் புதிதாக ஒன்று தைத்து வாங்கினால், வீட்டுக்குள் இன்னொரு தீர்ப்பைத் தைத்து வாங்கி வந்ததாகத்தான் ஆகும்.

நல்ல தையல்காரரிடம் இதற்கு மருந்தும் இருக்கிறது. பக்கவாட்டில் ஒரே தையலோடு நிறுத்தாமல், உள்பக்கம் தாராளமாகத் துணி விட்டு, கால் இஞ்ச் இடைவெளியில் இரண்டு மூன்று தையல் ஓட்டிக் கொடுப்பார். இறுகும்போது உள்ளிருக்கும் ஒரு தையலைப் பிரித்துவிட்டால் முன்துண்டில் கால், பின்துண்டில் கால். இப்படி இரண்டு பக்கமும் சேர்ந்து ஒரு இஞ்ச் கிடைக்கும். இரண்டு தையலைப் பிரித்தால் இரண்டு இஞ்ச். மேலே போட்ட கணக்கில் இரண்டு லிட்டர் நீர் கேட்ட இடத்தைவிட இது கூடுதல். புடவைக்கு அளவே கிடையாது. உள்பாவாடைக்கும் சுடிதார் பேன்ட்டுக்கும் நாடா இருக்கிறது. மாறும் உடம்புக்கு இடம்கொடுக்கும் உடைகள் நம் வழக்கத்தில் ஏற்கெனவே இருக்கின்றன. ஜீன்ஸும் ரெடிமேட் ஜாக்கெட்டும்தான் எண்ணைக் காட்டி மிரட்டுகின்றன. அந்த எண்ணும் கடைக்குக் கடை வேறு. இந்திய உடம்புகளுக்கென்று ஒரு பொது அளவு வேண்டும் என்று தேசிய ஃபேஷன் தொழில்நுட்ப நிறுவனமான என்.ஐ.எஃப்.டி. நாடு முழுவதும் 25,000 பேரை முப்பரிமாணக் கருவியால் அளக்கத் திட்டமிட்டதே அந்தக் குழப்பத்தைத் தீர்க்கத்தான். கழுத்துப்பட்டியில் இருக்கும் அளவுச் சீட்டைக் கத்தரித்து எறிந்துவிட்டு உடுத்தலாம், ஒன்றும் குறைந்துவிடாது.

பழைய ஜீன்ஸை மாதம் ஒருமுறை போட்டுப் பார்ப்பது, மணிக்கட்டை விரலால் சுற்றி அளப்பது, உட்காரும்போது வயிற்று மடிப்பைக் கிள்ளிப் பார்ப்பது: இவற்றை ஆக்ஸ்ஃபோர்டில் ரோஸ் ஷாஃப்ரனும் கிறிஸ்டஃபர் ஃபேர்பர்னும் விரிவாக ஆராய்ந்தார்கள். நிம்மதிக்காகச் செய்யும் இந்தச் சோதனைகள் நிம்மதி தருவதில்லை. நோயில்லாத பெண்களையே தம் உடம்பைக் குறைகண்டு உற்றுப் பார்க்கச் சொன்னபோதும் அவர்களின் அதிருப்தி கூடியது. மறுபக்கமும் ஒன்று உண்டு. உடம்பே தெரியாதபடி தொளதொளவென்று மூடிக்கொள்வதும், கண்ணாடியைத் துணிபோட்டு மறைப்பதும் பயத்தை வளர்க்கும். எது வசதி, எது ஒளிவு என்று மருத்துவரோடு பேசிப் பிரித்துக்கொள்ள வேண்டும். ஒரு எளிய சோதனை: உடுத்திய பத்து நிமிடத்தில் உடை மறந்துபோனால் அது சரியான உடை. தோலில் உள்ள தொடு நரம்புகள் மாறாத அழுத்தத்துக்குப் பழகி அடங்கிவிடும். அதனால்தான் கட்டியிருக்கும் கைக்கடிகாரம் நமக்கு உறைப்பதில்லை. இறுக்கிய நாடா மட்டும் ஒவ்வொரு மூச்சிலும் அழுத்தம் மாற்றி மாற்றிக் கொடுத்து, அந்த நரம்புகளை அடங்க விடாது. நாள் முழுக்க இடுப்பே நினைவாக இருக்கும்.

குற்றாலத்தில் இந்தச் சிக்கல் இன்னும் கூர்மையாகிறது. நனைந்த துணிக்கும் தோலுக்கும் நடுவே மெல்லிய நீர்ப்படலம் நிரம்ப, அதன் பரப்பு இழுவிசை துணியை உடம்போடு ஒட்டவைக்கிறது. மறைத்தது எல்லாம் வடிவம் காட்டும். சுற்றுலா என்று குடும்பமே கிளம்பும்போது 'எனக்குத் தலைவலி, நான் பையைப் பார்த்துக்கிறேன்' என்று கரையில் உட்கார்ந்துவிடும் பிள்ளைக்கு உண்மையில் வலிப்பது தலை அல்ல. 1998இல் பார்பரா ஃபிரெட்ரிக்சன் குழுவினர் அமெரிக்க மாணவியரை ஓர் அறையில் தனியே விட்டுச் சிலரை நீச்சலுடையும் சிலரை ஸ்வெட்டரும் போட்டுப் பார்க்கச் சொன்னார்கள். அதே அறையில் கணக்குத் தேர்வும் கொடுத்தார்கள். நீச்சலுடையில் இருந்தவர்கள் குறைவாக மதிப்பெண் எடுத்தார்கள். அறையில் அவர்களைப் பார்க்க ஒருவரும் இல்லை. தன்னைப் பிறர் கண்ணால் பார்த்துக்கொண்டிருப்பதிலேயே மனத்தின் ஒரு பகுதி செலவாகிவிடுகிறது.

நெதர்லாந்தின் உத்ரெக்ட்டில் ஆனூக் கைசர் 2013இல் வெளியிட்ட சோதனை இதைவிட விசித்திரமானது. வேறு ஏதோ வேலை கொடுத்துவிட்டு, வெவ்வேறு அகல வாசல்கள் வழியே நடக்கச் சொன்னார்கள். வாசல் தோளைவிட 25 சதவீதம் அகலமாக இருந்தவரை மற்றவர்கள் நேராக நடந்தார்கள். அதைவிடக் குறுகியபோதுதான் தோளைத் திருப்பினார்கள். அனோரெக்சியா உள்ளவர்களோ 40 சதவீதம் அகலம் இருந்தபோதே திரும்பிவிட்டார்கள். தன் உடம்பு எவ்வளவு இடம் பிடிக்கும் என்று மூளை வைத்திருக்கும் வரைபடமே பெரிதாகிவிட்டிருந்தது. அவர்கள் யோசித்துத் திரும்பவில்லை, கால் தானே திரும்பியது. பேரருவியில் பெண்கள் பக்கத்து நெரிசலில் இடம் இருந்தும் நுழையத் தயங்கி நிற்கும் பெண்ணுக்கு அந்தத் தயக்கம் எங்கிருந்து வருகிறது என்பதை உடன் வந்தவர்கள் அறிந்திருந்தால், கையைப் பிடித்து இழுக்க மாட்டார்கள். அடர்நிறச் சுடிதார், மேலே ஒரு துண்டு, வெளியே வந்ததும் போர்த்த ஒருவர். இவ்வளவு போதும் தொடங்க. ஆனால் எடை மிகக் குறைவாக இருக்கும்போது குளிர்ந்த அருவி ஆபத்து. உடல் வெப்பமும் நாடித் துடிப்பும் ஏற்கெனவே தாழ்ந்திருக்கும். மருத்துவர் சரி என்ற பிறகே தலை நனைக்க வேண்டும்.

வீட்டுப் பெரியவர்களுக்கு இரண்டு செய்தி. மெலிந்த பிள்ளையைத் தேற்றுகிறோம் என்று திடீரென்று விருந்தாகப் படைக்காதீர்கள். நீண்ட பட்டினிக்குப் பின் ஒரேயடியாக மாவுச்சத்து போனால், இன்சுலின் இரத்தத்தில் உள்ள பாஸ்பேட்டைச் செல்களுக்குள் இழுத்துவிடும். இதயமும் மூச்சும் தடுமாறும். இரண்டாம் உலகப்போரின் முடிவில் போர்க்கைதிகள் விடுபட்டுச் சாப்பிடத் தொடங்கியபின் இறந்ததைக் கண்ட மருத்துவர்கள் இந்த ஆபத்தை அன்றே அறிந்தார்கள். முதல் நாட்களில் இரத்தப் பரிசோதனையோடு, மருத்துவர் சொல்லும் அளவில்தான் உணவு கூட வேண்டும். எங்கே தொடங்குவது என்று தெரியாதவர்கள் டெலி-மானஸ் என்ற மனநல உதவிச் சேவையின் 14416 எண்ணில் தமிழிலேயே பேசலாம். இரண்டாவது, 'ஏட்டி, இப்பந்தான் பாக்க லெச்சணமா இருக்க, கன்னம் வச்சிருக்கு' என்ற வாஞ்சை. சொல்பவரின் அன்பில் எனக்குச் சந்தேகமில்லை. கேட்பவளுக்கு அது 'எல்லாரும் என் உடம்பை அளந்துகொண்டிருக்கிறார்கள்' என்றே விழும். படிப்பைக் கேளுங்கள், பார்த்த படத்தைக் கேளுங்கள். உடம்பைப் பற்றி நல்லதாகக்கூட எதுவும் வேண்டாம்.

தையல்காரர்களிடமும் ஒரு வேண்டுகோள் உண்டு. இஞ்ச் டேப்பைப் பிடித்தபடி மார்புச் சுற்றையும் இடுப்புச் சுற்றையும் கடைப்பையனுக்குக் கேட்கும்படி உரக்கச் சொல்லாமல் நீங்களே நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள். போன தடவையைவிட இரண்டு இஞ்ச் கூடியிருக்கிறது என்று நினைவூட்டாதீர்கள். கல்யாணப் பட்டுக்கு ஜாக்கெட் தைக்க வேண்டியிருந்தால் முகூர்த்தத்துக்கு ஒரு வாரம் முன்பு புதிதாக அளவெடுங்கள், உள்ளே மூன்று தையல் விடுங்கள். அவள் பையிலிருந்து பழைய அளவு ஜாக்கெட்டை எடுத்து நீட்டினால், அது வேண்டாம், நிமிர்ந்து நில்லும்மா, டேப்பிலேயே எடுத்துக்கிறேன் என்று சொல்லுங்கள்.